ஒரு கேபிள், இரண்டு டி.வி.

மாலை 7.30 மணிக்கு அம்மாவின் அறை டி.வி. நின்றுவிடும். எல்லா நாளும் இல்லை. வாரத்தில் 3 அல்லது 4 நாள். திரையின் நடுவில் 'சிக்னல் கிடைக்கவில்லை' என்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். பேட்டரியைக் கழற்றி மாட்டுவார். பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

டெல்லி மயூர் விஹாரில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு மாயவரத்திலிருந்து அம்மா எங்களோடு வந்துவிட்டார். இந்தி தெரியாது. பக்கத்து வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. தமிழில் பேச, கேட்க அவருக்கு இருப்பது நாங்கள் மூன்று பேர், தொலைபேசி, அந்த டி.வி. அதனால்தான் அவர் அறைக்கென்று தனியாக ஒரு டி.வி.யும் செட்-டாப் பாக்ஸும் வாங்கினோம். கூடவே ஹால் டி.வி.க்கு எச்.டி. பாக்ஸ். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

தொல்லை அடுத்த வாரமே ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் மூன்று முறை புகார் செய்தோம். முதல் முறை அம்மாவின் பாக்ஸை மாற்றினார்கள். இரண்டாவது முறை டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யை மாற்றினார்கள். மூன்றாவது முறை டிஷ்ஷைத் திருப்பி வைத்தார்கள். வந்ததெல்லாம் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. "மாதாஜி ஏதாவது தவறான பட்டனை அழுத்தியிருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார் மூன்றாவதாக வந்தவர். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அவர் அதை நம்பிவிட்டார்.

"எனக்குத்தான் இதெல்லாம் தெரியலை போல. விடுப்பா. நேத்து கதையை வெச்சு இன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு நானே நினைச்சுக்கறேன்" என்றார்.

கடைசியில் தீர்த்துவைத்தவர் எங்கள் குடியிருப்புக்கு வந்துபோகும் பழைய கேபிள்காரர். 1990களின் தொடக்கத்தில், 1991-ல் வந்த ஸ்டார் டி.வி.யைப் பிடிக்க 10 அடி டிஷ்ஷை மாடி மாடியாகத் தூக்கியவர்களில் ஒருவர். மாலையில் வரச் சொன்னோம். 7.30 மணிக்கு அம்மாவின் படம் நின்றது. அவர் அம்மாவின் அறைக்கே போகவில்லை. ஹாலுக்குப் போய், என் மகன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே அம்மாவின் தொடர் பேச ஆரம்பித்தது.

மொட்டை மாடிக்குப் போய் அவர் கழற்றிக்கொண்டு வந்தது தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் உலோகத் துண்டு. ஸ்ப்ளிட்டர். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிப்பது. கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். புதிய பாக்ஸ், புதிய எல்.என்.பி. எல்லாம் மாற்றியவர்கள் மாற்றாமல் விட்டது இதை மட்டும்தான்.

வீட்டு சாட்டிலைட் டி.வி.யை மேம்படுத்த நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பாக்ஸைப் பற்றியும் மாதக் கட்டணத்தைப் பற்றியும்தான் விசாரிக்கிறார்கள். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. படம் வருவதும் வராததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

கேபிளுக்குள் என்ன நடக்கிறது?

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டி.டி.எச். சேவைகள் வருவது கு-பேண்ட் அலைகளில், ஏறத்தாழ 11, 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சாதாரண கேபிளில் சில மீட்டர் போவதற்குள் வலுவிழந்துவிடும். எனவே டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்.என்.பி. அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது.

அலைகள் இரண்டு வகையாக வருகின்றன. சில சேனல்கள் செங்குத்தாக அதிரும் அலைகளில், சில கிடைமட்டமாக அதிரும் அலைகளில். ஒரே வானத்தில் இரண்டு மடங்கு சேனல்களை அடைப்பதற்கான ஏற்பாடு இது. சாதாரண எல்.என்.பி. ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றைத்தான் கீழே அனுப்பும். எது வேண்டும் என்று அதற்குச் சொல்வது உங்கள் பாக்ஸ். எப்படிச் சொல்கிறது? அதே கேபிள் வழியாக மேலே மின்சாரம் அனுப்பி. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து. 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டம். எல்.என்.பி. இயங்குவதும் இந்த மின்சாரத்தில்தான். இதோடு 22 கிலோஹெர்ட்ஸ் சைகை ஒன்றும் உண்டு. அது போனால் அலைவரிசையின் மேல் பாதி, போகாவிட்டால் கீழ்ப் பாதி.

ஆக, அந்தக் கேபிளில் படம் கீழே வருகிறது; உத்தரவும் மின்சாரமும் மேலே போகின்றன. ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டரால் பிரித்து இரண்டு பாக்ஸ்களுக்குக் கொடுத்தால் ஒரே எல்.என்.பி.க்கு இரண்டு எஜமானர்கள். ஒரு பாக்ஸ் 13 கேட்கிறது, இன்னொன்று 18 கேட்கிறது. கேபிளில் நிற்பது பெரிய வோல்ட். என் மகனின் கிரிக்கெட் சேனல் 18 வோல்ட் சேனல். அம்மாவின் தொடர் வரும் சேனல் 13. மகன் மேட்ச் போட்டதும் எல்.என்.பி. கிடைமட்டத்துக்குத் திரும்பிவிடும், அம்மாவின் சேனல் கேபிளிலேயே இருக்காது. அவன் டியூஷனுக்குப் போன நாட்களில் எல்லாம் சரி. காலை 11 மணிக்கு ஹாலில் யாரும் டி.வி. பார்ப்பதில்லை, அதனால் அப்போதும் சரி.

குளியலறைகள் இரண்டு, வந்துசேரும் குழாய் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெந்நீரைத் திறந்துவிட்டால் இன்னொருவருக்கும் வெந்நீர்தான். அவர் எத்தனை முறை தன் குழாயைத் திருகினாலும், குழாயையே மாற்றினாலும் தண்ணீர் ஆறாது.

எத்தனை ட்யூனர், அத்தனை கேபிள்

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. சிக்னலைப் பிடிக்கும் ஒவ்வொரு ட்யூனருக்கும் டிஷ்ஷிலிருந்து தனிக் கேபிள் வேண்டும். கவனியுங்கள்: ஒவ்வொரு டி.வி.க்கும் என்று சொல்லவில்லை. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பாக்ஸில் இரண்டு ட்யூனர்கள் இருக்கும். அதற்கு இரண்டு கேபிள். பல வீடுகளில் ரெகார்டர் பாக்ஸ் வாங்கிவிட்டு ஒரே கேபிளை மாட்டிக்கொண்டு, 'பதிவு செய்தால் வேறு சேனல் பார்க்க முடியவில்லை' என்று குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

தனிக் கேபிள் என்றால் தனி டிஷ் என்று பொருளில்லை. எல்.என்.பி.யை மாற்றினால் போதும். ஒரு வாய் உள்ளது சிங்கிள். இரண்டு வாய் உள்ளது ட்வின். நான்கு உள்ளது க்வாட். ட்வின், க்வாட் ஆகியவற்றின் ஒவ்வொரு வாயும் தனியாக உத்தரவு வாங்கும். ஒன்றில் 13, இன்னொன்றில் 18 என்றாலும் இரண்டுக்கும் அதனதன் சேனல் போகும். எங்கள் வீட்டில் செய்த மாற்றம் இவ்வளவுதான்: சிங்கிள் போய் ட்வின் வந்தது, மாடியிலிருந்து அம்மாவின் அறைக்குப் புதிதாக ஒரு கேபிள் இறங்கியது.

இரண்டு அறைகளிலும் எப்போதும் ஒரே நிகழ்ச்சிதான் பார்ப்பீர்கள் என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து வரும் படத்தை இரண்டு டி.வி.க்கும் பிரித்துக் கொடுக்கலாம். இங்கே பிரிப்பதில் தவறில்லை. ஏனெனில் அது தேர்ந்தெடுத்து முடிந்த படம். ஆனால் ரிமோட் யார் கையில் என்ற பிரச்சினை அப்படியே இருக்கும்.

பல வீடுகள் உள்ள குடியிருப்புகளுக்கு க்வாட்ரோ எல்.என்.பி. என்று ஒன்று இருக்கிறது. பெயர் க்வாட் போல இருந்தாலும் வேலை வேறு. இதன் நான்கு வாய்களும் உத்தரவு வாங்குவதில்லை. செங்குத்தின் இரு பாதிகளையும் கிடைமட்டத்தின் இரு பாதிகளையும் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நான்கு கேபிள்களும் மாடிப்படி ஓரத்தில் வைக்கப்படும் மல்டி-சுவிட்ச் என்ற பெட்டிக்குள் போகும். ஒவ்வொரு வீட்டு பாக்ஸும் கேட்பதை அந்தப் பெட்டி எடுத்துக் கொடுக்கும். ஒரே சேவையை வாங்கும் 8 வீடுகள் மாடியில் 8 டிஷ் வைப்பதற்குப் பதில் ஒன்றே வைக்கலாம். கடையில் தெரியாமல் க்வாட்ரோவை வாங்கி நேராக பாக்ஸில் மாட்டினால் கால்வாசி அலைவரிசைதான் கிடைக்கும்.

எல்லா ட்யூனர்களுக்கும் ஒரே கேபிளில் அனுப்பும் நவீன எல்.என்.பி.களும் உண்டு. ஒவ்வொரு ட்யூனருக்கும் கேபிளுக்குள்ளேயே தனி அதிர்வெண் ஒதுக்கித் தருவது அவற்றின் முறை. ஆனால் பாக்ஸும் அந்த முறை தெரிந்ததாக இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அப்படி ஒன்றைக் கொடுத்தால் ஒழிய, நீங்களாக வாங்கி மாட்ட வேண்டாம்.

இரண்டு செயற்கைக்கோள்களைப் பார்க்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக வருகிறது. பொதிகை என்ற பெயரில் நாம் பார்த்து, 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் கிடைக்கும். இலவச சேனல்களைப் பிடிக்கும் பாக்ஸ் வைத்திருப்பவர் இன்னொரு செயற்கைக்கோளையும் சேர்க்க வேண்டுமானால், இரண்டு எல்.என்.பி.களையும் டைசெக் சுவிட்ச் என்ற சிறு பெட்டியில் சேர்த்து, ஒரே கேபிளை பாக்ஸுக்குக் கொண்டுவரலாம். பார்ப்பதற்கு ஸ்ப்ளிட்டர் போலவே இருக்கும். வேலை நேர் எதிர்: ஸ்ப்ளிட்டர் ஒன்றை இரண்டு பேருக்குப் பங்கு போடுகிறது, டைசெக் இரண்டில் ஒன்றை ஒருவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

கேபிள் வாங்கும்போது

சாட்டிலைட் டி.வி.க்கு உரிய கேபிள் ஆர்.ஜி.-6. மின்தடை எண் 75 ஓம். கேபிளின் மேல் உறையில் அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய வீடுகளில் சுவருக்குள் ஆர்.ஜி.-59 என்ற மெல்லிய கேபிள் போயிருக்கலாம். உள்ளூர் கேபிள் டி.வி.யின் குறைந்த அதிர்வெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. சாட்டிலைட் அதிர்வெண்ணில் அதன் இழப்பு ஆர்.ஜி.-6-ஐவிடக் கால் பங்குக்குமேல் அதிகம்.

நல்ல ஆர்.ஜி.-6-லும் இழப்பு இல்லாமல் இல்லை. அலைவரிசையின் மேல் எல்லையில், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சிக்னல் ஏறத்தாழ பாதியாகிறது. 30 மீட்டர் என்றால் எட்டில் ஒரு பங்கு. எல்.என்.பி. முதலிலேயே பெரிதாகப் பெருக்கி அனுப்புவதால் இதைத் தாங்கலாம். வழியில் ஸ்ப்ளிட்டர், இரண்டு மூன்று ஒட்டுகள் என்று சேர்ந்துகொண்டால் சமாளிப்பது கடினம். ஸ்ப்ளிட்டர் ஒன்றே சிக்னலில் பாதிக்குமேல் எடுத்துக்கொள்ளும்.

கேபிளின் நடுக்கம்பியையும் பாருங்கள். மலிவான வகைகளில் அது தாமிரப் பூச்சு பூசிய இரும்பு. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும் என்பதால் படத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மேலே போகும் 13, 18 வோல்ட் கம்பி முழுவதிலும் ஓடுகிறது. தூரம் அதிகமானால் இரும்புக் கம்பியில் வோல்ட் குறைந்துபோய், 18 கேட்ட இடத்தில் எல்.என்.பி. குழம்பும். சிறு தூரத்துக்கு எதுவும் போதும்; 30 மீட்டருக்கு மேல் என்றால் முழுத் தாமிரக் கம்பி உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குவது நல்லது.

அதைவிட முக்கியம் முனைகள். எஃப்-கனெக்டர் என்ற திருகு மூடியை மாட்டும்போது, வெளிப் பின்னலின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும். ஷார்ட் ஆகி படம் போய்விடும். கையால் திருகி ஏற்றும் கனெக்டர் காலப்போக்கில் தளரும். கருவியால் அழுத்திப் பொருத்தும் வகை நிற்கும். மாடியில் உள்ள முனைக்கு மழைநீர் புகாத ரப்பர் டேப் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பாகக் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். வழிந்து வரும் நீர் தொங்கலில் சொட்டிவிடும். உங்கள் பாக்ஸுக்குள் போகாது. ஜன்னல் கதவிடுக்கில் கேபிளை நசுக்குவதும், சுவர் மூலையில் சட்டென்று மடிப்பதும், ஆணியடித்து இறுக்குவதும் அதன் ஆயுளைக் குறைக்கும் வழிகள்.

டிஷ்ஷின் பார்வை

வீட்டு மாடிகளில் நாம் பார்க்கும் 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. குறி ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதி. துணி காயப்போடும் கயிற்றை டிஷ்ஷில் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2010 ஜூலையில் 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின் பழுது ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதைப் பயன்படுத்திவந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3-க்கு மாறியது. இடையில் 2 டிகிரிதான். ஆனால் சந்தாதாரர்களின் டிஷ்களைத் திருப்பினால்தான் படம் என்ற நிலை வந்தது.

93.5 டிகிரி செயற்கைக்கோளை டெல்லியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில் சுமார் 52 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையிலிருந்து சுமார் 68 டிகிரி. ஆனால் டிஷ் அவ்வளவு மேலே பார்ப்பதுபோல் நமக்குத் தெரியாது. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ் ஓரத்தில் இருக்கும்படி அமைந்த டிஷ் என்பதால் அதன் உண்மையான பார்வை, முகம் காட்டும் திசையைவிட 25 டிகிரிபோல உயர்ந்தது. எதிரே மரமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் இதை வைத்துக் கணக்கிட வேண்டும். டிஷ் வைத்தபோது சிறிதாக இருந்த வேப்ப மரம் ஐந்தாண்டுகளில் நடுவே வந்து நிற்பது சகஜம்.

மழையில் படம் சதுரம் சதுரமாக உடைவது கு-பேண்டின் இயல்பு. அலையின் நீளம் இரண்டரை செ.மீ.; கனமழை அதை விழுங்கிவிடும். டிஜிட்டல் படம் ஒரு எல்லை வரை பளிச்சென்று இருந்துவிட்டு, எல்லை தாண்டியதும் மொத்தமாக விழும். ஆகவே சாதாரண நாளில் கொஞ்சம் சேமிப்பு இருக்க வேண்டும். குறியைச் சரியாக வைத்து, கேபிள் இழப்பைக் குறைத்தாலே பெரும்பாலான மழையைத் தாண்டலாம். கேரளக் கரை, கொங்கண், வடகிழக்கு போன்ற பெருமழைப் பகுதிகளில் 90 செ.மீ. டிஷ் உதவும். 60 செ.மீ. டிஷ்ஷைவிட அது 2.25 மடங்கு அதிக சிக்னல் திரட்டும். ஆனால் காற்றையும் அதே அளவு அதிகமாகப் பிடிக்கும். அடித்தளம் வலுவாக இருக்க வேண்டும்.

எச்.டி. வாங்கியும் எச்.டி. இல்லை

எச்.டி. பாக்ஸ், எச்.டி. சேனல், எச்.டி. டி.வி. என்று மூன்றுக்கும் பணம் கொடுத்துவிட்டு, பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரையே மாட்டிப் பார்க்கிற வீடுகள் உண்டு. மஞ்சள் ஒயரில் போவது பழைய 576 வரிப் படம். 1,080 வரிப் படம் வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். விலை அதிகமான ஒயரில் படம் அதிகத் தெளிவாக வரும் என்பது கடைக்காரரின் கதை. ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குத் தரமான சாதாரண ஒயர் போதும். அதே நேரம் டி.வி. ஓரிடத்தில், பாக்ஸ் வேறோர் அறையில் என்று நீளமாக இழுக்க வேண்டாம். எச்.டி.எம்.ஐ. நீண்ட தூரத்துக்கு ஏற்றதல்ல. நீளத்தை ஆர்.ஜி.-6-க்கு விட்டுவிட்டு, பாக்ஸை டி.வி.யின் பக்கத்திலேயே வையுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கேபிளைக் கழற்றி மாட்டும்போது பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபிளில் 18 வோல்ட் இருக்கிறது. அது உங்களை ஒன்றும் செய்யாது. ஷார்ட் ஆனால் பாக்ஸைக் கெடுத்துவிடும். டிஷ் கேபிளை வீட்டு மின்சார ஒயர் போகும் பைப்புக்குள் சேர்த்து இழுக்கவே கூடாது. உறை தேய்ந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் 230 வோல்ட் மாடி வரைக்கும் போகும்.

மொட்டை மாடியில் உயரமாக நிற்கும் இரும்பு டிஷ். அதையும் கேபிளின் வெளிப் பின்னலையும் கட்டடத்தின் எர்த்துடன் தாமிரக் கம்பியால் இணைக்க வேண்டும். பல இடங்களில் இதைச் செய்வதில்லை. எர்த் இருந்தாலும் நேரடி இடியைத் தடுத்துவிட முடியாது. இடி இடிக்கும்போது மின் பிளக்கோடு டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றிவைப்பதே பாதுகாப்பு. வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அந்தக் கேபிளைத் தொடாதீர்கள்.

செலவு செய்யலாமா?

இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கும்போது டிஷ் எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் கட்டண டி.டி.எச். இணைப்புகள் சில ஆண்டுகளாகக் குறைந்துவருகின்றன என்பது உண்மை. ஆனாலும் 2024-ல் சுமார் 6 கோடி இணைப்புகள் இருந்தன. செல்போனில் செயலி தேடத் தெரியாதவர்கள், எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், பிராட்பேண்ட் எட்டாத ஊர்களில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். போபாலிலோ ஜாம்ஷெட்பூரிலோ கவுஹாத்தியிலோ உள்ளூர் கேபிளில் தமிழ் சேனல் கிடைக்காத குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களுக்கெல்லாம் ஒரு ட்வின் எல்.என்.பி., 25 மீட்டர் நல்ல கேபிள், நான்கு கனெக்டர் என்பது புதிய டி.வி.யோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

ஆள் வருவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள். வீட்டில் எத்தனை ட்யூனர்? மாடியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் எத்தனை மீட்டர்? இப்போதுள்ள எல்.என்.பி.யில் எத்தனை வாய்? வழியில் எங்காவது ஸ்ப்ளிட்டரோ ஒட்டோ இருக்கிறதா? வேலை முடிந்ததும் பாக்ஸின் மெனுவில் சிக்னல் வலுவையும் தரத்தையும் காட்டும் பக்கத்தைத் திறந்து, இரண்டு எண்களையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் படம் உடையும்போது, டிஷ் திரும்பியதா கேபிள் கெட்டதா என்று ஊகிக்க அந்த எண்கள் உதவும். கடைசியாக, எல்லா டி.வி.களையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒன்றில் சேனல்களை வரிசையாக மாற்றச் சொல்லி மற்றதைப் பாருங்கள். ஒன்று மாறும்போது இன்னொன்று நின்றால், எங்கோ ஒரு ஸ்ப்ளிட்டர் ஒளிந்திருக்கிறது. ஆளை அனுப்பாதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களும் வெள்ளையடிக்கிறவர்களும் மாடியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு காலி பைப் போட்டுவையுங்கள். இன்றைக்கு டி.வி. இல்லாத அறைக்கு நாளைக்கு ஊரிலிருந்து யாராவது வரலாம்.

எங்கள் வீட்டில் இப்போது 7.30 மணிக்கு இரண்டு டி.வி.யும் ஓடுகின்றன. புதிய கேபிள் இறங்கிய அன்று, கேபிள்காரர் அந்த ஸ்ப்ளிட்டரை அம்மாவின் கையில் கொடுத்து, "இதுதான் தப்பு செய்தது, அம்மாஜி" என்று இந்தியில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் ஒண்ணும் தப்பா அமுக்கலையே?" என்று கேட்டார்.